பத்தியச் சீட்டும் ஒரு கிரேன் ஏணியும்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் மருத்துவ அறையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். நிர்வாகம் புதிதாக ஒரு செயலி கொடுத்திருக்கிறதாம். சர்க்கரை, கொழுப்பு, எடை என்று ஏதாவது ஒன்றில் மாட்டிய தொழிலாளர்கள் தினமும் சாப்பிட்டதை அதில் ஏற்ற வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த நாள் பச்சை. ஒரு வடை கூடினாலும் நாள் முழுக்கச் சிவப்பு.

"அக்கா, ஒரு தடவ செவப்பு வந்துட்டா அதுக்கப்புறம் ஒருத்தரும் அதைத் தொறந்துகூடப் பாக்குறதில்ல. என்னைக் கண்டா பாத்ரூம் பக்கம் ஓடுறாங்க. உங்க காலத்துல நீங்க என்னக்கா பண்ணீங்க?" என்றாள்.

நான் என்ன பண்ணினேன் என்பதைப் போனில் சொன்னால் அவளுக்கு என் மேல் இருக்கும் மரியாதை அந்த நிமிடமே போய்விடும். எழுதினால் கொஞ்சம் மிஞ்சலாம். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் குணவதி. பிறந்தது காசிமேடு. அப்பா விசைப்படகு ஓட்டினார், அம்மா மீன் விற்றாள். நர்ஸ் படிப்பு, பயிற்சிக் காலம், அதற்குப் பிறகு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம், எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: திட்டு வாங்கினேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன், குண்டானேன். பிறகு இந்தத் தொழிற்சாலை. இருபத்தாறு வருடம் ஒரே அறை, ஒரே ஜன்னல். மாறியது என் புடவைக்கு வேண்டிய முழம் மட்டும்தான்.

எடையைக் குறைக்க நான் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முயன்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இறால் தொக்கோடு ஒரு பிடி பிடித்துவிட்டு, "நாளையிலிருந்து சோறே கிடையாது" என்று சபதம் போடுவேன். என் வீட்டுக்காரர் மறுசோறு போட்டபடியே, "நாளைக்குக் கிடையாதுன்னா இன்னிக்கே ரெண்டு நாளைக்கும் சேர்த்துத் துன்னுடு" என்பார். திங்கள் கொள்ளுக் கஞ்சி, செவ்வாய் வெள்ளரிக்காய். புதன்கிழமை அம்மா நெத்திலி வறுத்து அனுப்புவாள். ஒன்றை வாயில் போட்டதும் சபதம் போச்சு. போனது போகட்டும் என்று தட்டையே காலி செய்வேன். அடுத்த திங்கட்கிழமைக்கு நடுவில் நான்கு நாள் இருக்கிறதே, அதை வீணாக்குவானேன்?

இப்படிப்பட்டவள்தான் மற்றவர்களுக்குச் சாப்பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் லட்சணம் அது.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் டயட் சார்ட் ஒன்று வந்தது. அதைத் தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு. 'உணவுத் திட்டம்' என்று போட்டால் ஏதோ அரசாங்கம் கொடுக்கப்போகிறது என்று வரிசையில் நிற்பார்கள். 'உணவு முறை' சப்பென்று இருந்தது. கடைசியில் 'பத்தியச் சீட்டு' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தேன். என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரண்டு கட்டம்: 'கடைப்பிடித்தேன்', 'மீறினேன்'. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு இடமில்லை.

எங்கள் டாக்டர் சபாபதி ஐயா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அழகா எழுதியிருக்கீங்க சிஸ்டர்" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒல்லியான மனிதர். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். எதிரில் உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் திட்ட மாட்டார், அறிவுரை சொல்ல மாட்டார். "அப்புறம்?" என்பார், அவ்வளவுதான். கதை கேட்கும் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். பொய்யோடு வந்தவன் அந்த மூன்றாவது 'அப்புறம்?'இல் சரக்குத் தீர்ந்து உண்மைக்கு வந்துவிடுவான். நானோ ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னே திட்டி முடித்துவிடுவேன். நேரம் மிச்சம் என்று நினைப்பு.

இப்போது கஜேந்திரன். எர்ணாவூர்க்காரன். எங்கள் ஷெட்டில் கூரைக்குக் கீழே ஓடும் பெரிய கிரேனை ஓட்டுபவன். இரும்புக் குழாய்க் கட்டுகளை ஒரு கோடியில் எடுத்து மறு கோடியில் பூப்போல வைப்பான். பத்தொன்பது வருடம் அந்தக் கேபினில்தான் அவன் பொழுது. அங்கிருந்து காற்றோட்டச் சந்து வழியாகக் கடல் தெரியும். அதைப் பற்றித் தன் சொந்த நிலம் போலப் பேசுவான். கீழே எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவான். என்னையும் டாக்டரையும் மட்டும் பட்டம் சேர்த்துக் கூப்பிடுவான்: "இன்னா சிஸ்டர், சாப்ட்டியா?"

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் அவன் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. தலைக்கு மேல் பாரம் தூக்குகிறவனுக்குத் தலை சுற்றக் கூடாது, கண் மங்கக் கூடாது. டாக்டர் பென்சிலை வைத்துவிட்டு நேராகச் சொன்னார்.

"கஜேந்திரன், மூணு மாசம் தர்றேன். சர்க்கரை இறங்கலைன்னா கிரேன்லேருந்து நீங்க இறங்கணும். கையெழுத்து நான்தான் போடணும், போட மாட்டேன்."

கஜா வெளியே வந்து என்னிடம், "கீழ நின்னா எனக்கு மூச்சு முட்டும் சிஸ்டர். அந்தக் கேபின வுட்டா நான் யாரு?" என்றான். நான் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பத்தியச் சீட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்பவன் அதை மருந்துச் சீட்டாகப் பார்க்கவில்லை.

முதல் வாரம் முழுக்க 'கடைப்பிடித்தேன்'. பையன் தங்கம் என்றேன். இரண்டாவது வாரம் ஆளையே காணோம். என் ஜன்னலைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போக வேண்டும். அவனோ பின்பக்கம் துருப்பிடித்த குழாய்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போகிறான் என்று சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்தான். "இன்னிலேர்ந்து திருப்பி ஆரம்பிக்கிறேன் சிஸ்டர்" என்றான். நடுவில் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேனா? திட்டினேன். பிறகு புதுச் சீட்டுக் கொடுத்தேன்.

இன்னொரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஷெட்டில் சங்கு ஊதியது. கிரேன் நடுவில் நின்றுவிட்டது. நல்லவேளையாகக் குழாய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிறுத்தியிருந்தான். கீழிருந்து சைகை காட்டுகிற ஆள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"கஜாவுக்கு வேர்த்துக் கொட்டுது சிஸ்டர். கை நடுங்குது. சக்கரை போட்டு டீ குடுத்தேன், தட்டி வுட்டுட்டான். 'இன்னிக்குத் திங்கக்கெழம'ங்கிறான். நீ சொன்னாத்தான் கேப்பான்."

டாக்டர் பதினொன்றரைக்குத்தான் வருவார். சர்க்கரை தாழ்ந்துபோனவனை அரை மணி நேரம் விட்டுவைக்க முடியாது. குளுக்கோஸ் டப்பா, தண்ணீர் பாட்டில், சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பாதுகாப்பு அதிகாரி எனக்கு இடுப்புப் பட்டை கட்ட வந்தார். கடைசி ஓட்டைக்கும் கொக்கி எட்டவில்லை. இரண்டு பட்டையை ஒன்றாக முடிந்து கட்டினார்கள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். நாற்பத்திரண்டு படி. இருபதில் என் இதயம் காதில் அடித்தது. முப்பதில் எனக்கே யாராவது குளுக்கோஸ் கொடுத்தால் தேவலை என்றிருந்தது. கீழே ஒருவன், "ஏணி தாங்குமா மாமு?" என்றான். அவன் குரலை நினைவில் வைத்துக்கொண்டேன். பிறகு அவனுக்கு டெட்டனஸ் ஊசி போட நேர்ந்தபோது மறக்கவில்லை.

கேபினில் கஜா சுவரில் சாய்ந்திருந்தான். சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். கண் என்மேல் நிற்கவில்லை. சர்க்கரை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு: விரலின் நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில்தான். கிரேன் ஓட்டுபவனுக்கு லீவர் பிடிக்காத கையின் மோதிர விரல். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். அந்த இடத்தில், அந்த உயரத்திலும் அப்படித்தான் செய்தேன். எண் மிகவும் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

"இனிப்பு வேணாம் சிஸ்டர். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிக்கிறேன். பத்தியம் முறிஞ்சிடும்."

நான் வாழ்க்கையில் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். நான் எழுதிய ஒரு சீட்டுக்காக உயிரை விடத் தயாராக இருந்தவன் இவன் ஒருத்தன்தான். எனக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். திட்டு வரவில்லை. புளுகு வந்தது.

"டேய் கஜா, இது இனிப்பு இல்லடா, மருந்து. பத்தியத்துல சேர்த்தி. குடிக்கலன்னாதான் முறியும்."

"மெய்யாலுமா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

குடித்தான். அம்மா அப்போது காசிமேட்டில் சௌக்கியமாக மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரத்தில் அவன் முகத்தில் ஆள் திரும்பி வந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ எப்படி சிஸ்டர் ஏறி வந்த?" என்றான். இறங்குவது எப்படி என்பதுதான் அப்போது என் கவலை.

மதியம் டாக்டர் முன்னால் உட்கார வைத்தோம். நான் திட்டத் தயாராக இருந்தேன். டாக்டர் கையை லேசாக உயர்த்தி என்னை அடக்கிவிட்டு, "சனிக்கிழமை என்ன ஆச்சு?" என்றார்.

"மச்சானோட போட்டு கரைக்கு வந்துச்சு சார். வவ்வாலு மீனு குடுத்தனுப்பினான். ஒரு துண்டு துன்னேன்."

"அப்புறம்?"

"ஒரு துண்டு துன்னா இன்னா, ஒம்போது துண்டு துன்னா இன்னா சார்? துன்னுட்டேன்."

"அப்புறம்?"

"மாத்திரைய நிறுத்திட்டேன். பத்தியம் முறிஞ்சப்புறம் மருந்து போட்டா எதுத்துக்கும்ல? வெசமாயிடும். ஞாயித்துக்கெழம பிரியாணி. சரி, திங்கக்கெழம புதுசா ஆரம்பிக்கலாம்னு காத்தால நாஷ்டா துன்னாம, வுட்டுப்போன மாத்திரையெல்லாம் சேத்துப் போட்டுகினு ஏறிட்டேன்."

டாக்டர் மெதுவாக, "மருந்து விஷமாயிடும்னு யார் சொன்னாங்க?" என்றார்.

கஜா சட்டைப் பையிலிருந்து ஈரமான அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் விரித்தான். "யாரு சொல்லணும் சார்? பத்தியம்னு சிஸ்டரே எழுதிக் குட்துகீது."

எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய், கவிச்சி எதுவும் கூடாது. ஒரு கருவாட்டுத் துண்டைத் தொட்டாலும் மருந்து வீண் என்பார்கள். எதிர்த்துக்கொள்ளும் என்பார்கள். முறிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பத்தியம் என்றால் எங்கள் தெருவில் அதுதான் பொருள். காசிமேட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அழகுக்காக எழுதினேன். ஒரு மனிதனைத் தலைகீழாகத் தள்ளிவிடப் பார்த்தது என் செந்தமிழ். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை ஓய்வு பெற்ற பிறகும் தீர்க்க முடியவில்லை.

டாக்டர் அப்போதும் திட்டவில்லை. பென்சிலால் 'பத்திய' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு 'மீறினேன்' மேலே ஒன்று. பென்சிலை என்னிடம் கொடுத்து, "வேற வார்த்தை எழுதிட்டு வாங்க சிஸ்டர்" என்றார். மாத்திரை சாப்பாட்டுக்கு அடிமை இல்லை, சாப்பாடு எப்படிப் போனாலும் மாத்திரை அதன் நேரத்தில் உண்டு, விட்டுப்போனதைச் சேர்த்துப் போடக் கூடாது, வெறும் வயிற்றில் ஏணி ஏறக் கூடாது என்று கஜாவிடம் மூன்று தடவை சொல்லி, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். இரண்டு வாரத்துக்கு அவனைக் கீழே ஸ்டோரில் போட்டார்கள்.

நான் பழைய சீட்டுகளைப் புரட்டினேன். 'மீறினேன்' என்று டிக் போட்ட நாளுக்குப் பிறகு பெரும்பாலும் வெற்றுத் தாள்தான். பெயிண்ட் பிரிவுப் பெரியவர் ஒருவர் ஒரே ஒரு ஜாங்கிரிக்காக நான்கு மாதம் பிரஷர் மாத்திரையை விட்டிருந்தார். கேட்டால், "தப்புப் பண்ணிட்டு எந்த மூஞ்சோட மாத்திரை போடுறது?" என்றார். மாத்திரைக்கு முன்னால் மானம் பார்க்கிற ஊர் இது.

புது வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை. ஸ்டோரில் போல்ட் பிரித்துக்கொண்டிருந்த கஜாவிடம் போய்ப் புலம்பினேன். கீழே நின்றதில் முகம் வாடிக் கிடந்தான்.

"இன்னாத்துக்கு அதுக்குப் பேரு? ஒரு வேளை கெட்டுப்போச்சுன்னா அடுத்த வேளை இன்னா துன்றதுன்னுதான கேக்குற? அத்தையே எழுதேன்" என்றான்.

'அடுத்த வேளை' என்று எழுதினேன். கோடு இழுக்கவில்லை. வாரத்துக்கு இருபத்தொரு வேளை, இருபத்தொரு வரி. என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா, அடுத்த வேளை என்ன. டிக் போட எங்கும் கட்டம் இல்லை.

பேரை வைத்தவனே அதை ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. "இது போங்காட்டம் சிஸ்டர். ஒண்ணு ஒழுங்கா இருக்கணும், இல்ல கெட்டுப்போவணும். பாதி ஒழுங்குன்னு ஒண்ணு கீதா?" என்று மல்லுக்கு நின்றான்.

"உன் டிபன் கேரியர்ல ஒரு அடுக்கு கீழ விழுந்துட்டா மீதி ரெண்டையும் நீயே கவுத்துடுவியா?" என்றேன்.

"அது எப்படி? பசிக்குமே."

"அவ்ளோதான் விஷயம்."

யோசித்தான். ஒத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சீட்டை எடுத்துக்கொண்டான். இந்த முறை கண்ணில் ஒற்றவில்லை.

மறுபடி கேபினுக்கு ஏறிய பிறகு ஒரு வாரம் சீட்டு வந்தது. இருபத்தொரு வரியும் சுத்தம். கேழ்வரகு, கீரை, மோர். அந்த வாரம்தான் அவன் மச்சான் பெண்ணுக்குக் காதுகுத்து. டாக்டர் படித்துவிட்டு, "காதுகுத்துல கீரையா போட்டாங்க?" என்றார். கஜா கூரையைப் பார்த்தான். டாக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பே இல்லாத சீட்டு எனக்கு வேண்டாம். எனக்கு அதுல பார்க்க ஒண்ணுமில்ல."

அதன் பிறகு வந்த சீட்டுகளை நான் வரி வரியாக ரசித்துப் படித்தேன். 'ஞாயிறு மதியம்: பிரியாணி ரெண்டு தட்டு, தால்சா, பிரெட் அல்வா (கேட்டு வாங்கியது). மாத்திரை போட்டாச்சு. அடுத்த வேளை: ரெண்டு தோசை, மோர்.' 'புதன் காலை: வடகறி. மன்னிக்கவும். அடுத்த வேளை: சாதம் பாதி, கோவைக்காய்.' 'மன்னிக்கவும்' என்பதை மட்டும் டாக்டர் பென்சிலால் அடித்துவிடுவார். ஒரு மாதத்தில் அந்த வார்த்தையும் நின்றுவிட்டது. தப்புகள் நிற்கவில்லை, ஆனால் அவற்றுக்கு இடையில் தூரம் கூடியது. நானும் ரகசியமாக ஒரு சீட்டு வைத்துக்கொண்டேன். ஓய்வு பெறுவதற்குள் ஆறு கிலோ போயிற்று. அதில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. மீதி நான்குக்கு இன்னும் முகவரி தெரியவில்லை.

மூன்று மாதக் கெடு முடிந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினோம். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துசேரவில்லை. ஃபிட்னஸ் தாளிலோ இரண்டே கட்டம்: தகுதி, தகுதியில்லை. அதை எழுதியவர் என் உறவுக்காரராக இருக்க வேண்டும். டாக்டர் வெகுநேரம் பென்சிலை உருட்டினார். பிறகு பேனாவை எடுத்து 'தகுதி' என்பதில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் எழுதினார்: 'ஆறு மாதத்துக்கு மட்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும்.' மற்ற கிரேன்காரர்களுக்கு ஒரு வருடம்.

கஜா தாளைப் படித்தான். திருப்பிப் படித்தான். "பாதி பாஸா சார்?" என்றான். பாதி என்பதைப் பொறுக்காதவனாயிற்றே, கிழித்துப் போட்டுவிட்டுக் கீழேயே நின்றுவிடுவானோ என்று பயந்தேன். டாக்டர், "ஆமா, பாதி" என்றார். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் நண்பர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். முடிந்தது கதை, இனி பழையபடி என் ஜன்னலைத் தவிர்த்துப் பின்பக்கம்தான் அவன் வழி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அறையைத் திறக்கப் போனால் வாசலில் கஜா நிற்கிறான். கையில் கேன்டீன் இட்லிப் பொட்டலம். வாரச் சோதனைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"நேத்து நல்லா துன்னுட்டேன் சிஸ்டர். மூணு தட்டு, கூடவே பாயா. சக்கரை ஏறித்தான் கீதோ இன்னாவோ, பாத்துட்டு ஏறலாம்னு வந்தேன்" என்று சொல்லி, லீவர் பிடிக்காத கையின் மோதிர விரலை நீட்டினான்.

தின்ற மறுநாள் அவனாக வந்து விரலை நீட்டியது அதுதான் முதல் தடவை. ஓரத்தில் குத்தினேன். முதல் சொட்டைத் துடைத்தேன். எண் கூடுதலாகத்தான் வந்தது, ஏற முடியாத அளவுக்கு இல்லை. அதைச் சீட்டில் எழுத முயன்றேன். கோடு தெரியாமல் கண்ணை மறைத்தது.

கஜா விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தான்.

"குத்து வாங்கினது நானு. நீ இன்னாத்துக்கு சிஸ்டர் அழுவுற?"